டொக்டர் தட்டிக் கேட்ட மரங்கள்

பெரிய மனிதர்களின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் பிறப்பிலிருந்து தொடங்குவார்கள். டொக்டரின் விஷயத்தில் அதற்கு வழியில்லை. பிறந்ததும் அவர் அழுதாரா, அல்லது தொட்டிலின் சட்டத்தை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் அழுதாரா என்பதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே அவருக்குப் பெயர் வந்த இடத்திலிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

டாக்டர் இல்லை, டொக்டர். அச்சுப் பிழை என்று யாரும் திருத்திவிட வேண்டாம். டிரம் செய்யும் பட்டறை ஒன்றில் மரம் பொறுக்கும் வேலை அவருக்கு. வந்திறங்கும் ஒவ்வொரு பலகையையும் இடது கையின் இரண்டு விரல்களால் ஒரு முனையில் தூக்கிப் பிடிப்பார். வலது கை நடுவிரலின் முட்டியால் டொக், டொக் என்று தட்டுவார். கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் கேட்பார். கேட்டுவிட்டு ‘ம்’ என்றால் பலகை கிடங்குக்குள் போகும். ஒன்றும் சொல்லாவிட்டால் வந்த லாரியிலேயே திரும்பிப் போகும். டொக் டொக் என்று தட்டுகிறவர் டொக்டர் ஆனது அப்படித்தான். இதைச் சரியாகக் காதில் வாங்காத பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் முழங்கால் வலி என்று இவரிடம் வந்ததாகவும், இவர் மறுக்கத் தைரியம் இல்லாமல் முழங்காலைத் தட்டிப் பார்த்து “உள்ள கொஞ்சம் ஈரம் இருக்கு, காய விடுங்க” என்று சொல்லி அனுப்பியதாகவும் பட்டறையில் ஒரு கதை உண்டு. வலி போய்விட்டதாகவும் சொல்கிறார்கள்.

தட்டிக் கேட்பது என்றால் அநியாயத்தை எதிர்த்து வாய் திறப்பது என்றுதான் ஊரில் அர்த்தம். டொக்டர் அதை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தார். தட்டுவார், கேட்பார். வாய் திறப்பது மட்டும் கிடையாது. பஸ்ஸில் தன் காலை மிதித்தவரிடம் “மன்னிச்சுக்குங்க, கால் குறுக்க இருந்திருச்சு” என்று சொன்ன மனிதர் அவர். இருபத்திரண்டு வருஷத்தில் பட்டறையில் அவர் எதிர்த்துப் பேசிய ஒரே எதிரி கறையான்.

அந்தப் பட்டறையில் டிரம்மின் உடம்பைக் கூடு என்பார்கள். தாள் கனத்துக்குச் சீவிய மர ஏடுகளைப் பசை தடவி, ஒன்றின்மேல் ஒன்றாக வட்ட அச்சில் சுருட்டி அழுத்தினால் கூடு. அதன் இரண்டு வாயிலும் தோல் போட்டு, வளையம் மாட்டி, திருகை முறுக்கினால் டிரம். தோல் என்று சொல்வது பழைய மரியாதைக்காக. உண்மையில் பிளாஸ்டிக்தான். அடி விழுவது தோலில், அதிர்வதும் தோல். ஆனால் உள்ளே அடைபட்ட காற்று சுவரில் மோதித் திரும்பும்போது, அந்தச் சுவர் எப்பேர்ப்பட்டது என்பதைப் பொறுத்துச் சத்தத்தின் குணம் மாறும் என்பது டொக்டரின் கட்சி. கெட்டியான மரம் கூர்மையை அப்படியே திருப்பி அனுப்பும். மெத்தென்ற மரம் கூர்மையில் கொஞ்சத்தை விழுங்கிவிட்டு, அடிநாதத்தை மட்டும் விட்டுவைக்கும்.

மரங்களை அவர் சொந்தக்காரர்கள் மாதிரிதான் வைத்திருந்தார். ஓக், கதவு திறந்திருக்கிறதா என்று பார்க்காமலே சத்தமாகப் பேசிக்கொண்டு உள்ளே வரும் சித்தப்பா. பிர்ச், சுருக்கென்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து போகிற அத்தை. மேப்பிள், யாரிடமும் கூடக் குறையப் பேசாத மூத்த மருமகள். மகாகனி அவருக்குத் தாய்மாமன். அடித்தொண்டையில், அவசரமில்லாமல், பேச்சு முடிந்த பிறகும் அறையில் கொஞ்ச நேரம் இருக்கும் குரல். கிடங்கில் மகாகனிக்கு மட்டும் சன்னலிலிருந்து தள்ளி, வெயில் படாத தனி அடுக்கு. அந்த அடுக்கைக் கடக்கும்போது டொக்டர் செருப்பைத் தேய்க்காமல் நடப்பார்.

சொந்தக்காரர்கள் என்றதும் சகலையைச் சொல்லியாக வேண்டும். டொக்டரின் மனைவியுடைய தங்கையைக் கட்டியவர். பட்டறையின் மேனேஜர். அவரை அங்கே சேர்த்துவிடச் சொல்லி முதலாளியம்மாவிடம் கேட்டதே டொக்டர்தான். அவர் வாழ்க்கையில் யாருக்காகவும் எதையும் கேட்டது அந்த ஒரு தடவை. அதன் பலனை இப்போது அனுபவிக்க ஆரம்பித்திருந்தார்.

சகலைக்கு மரத்தின் மேல் நம்பிக்கை கிடையாது. டிரம் என்றால் தோல், தோலை இழுக்கும் திருகு, தோல் உட்காரும் விளிம்பு, இந்த மூன்றும்தான், மற்றதெல்லாம் காதில் பூ என்பது அவருடைய சித்தாந்தம். மரமே வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு அவர் தீவிரவாதி இல்லை. பாப்லர் போதும் என்றார். பாப்லர் என்பது மளமளவென்று வளர்ந்து, இலேசாக இருந்து, பெரும்பாலும் பழப்பெட்டியாகவோ தீக்குச்சியாகவோ காலத்தை முடிக்கிற மரம். எல்லா டிரம்மையும் பாப்லரிலேயே செய்துவிட்டு, மேலே வேண்டிய நிறத்தில் ஏடு ஒட்டிவிடலாம். ஒரே மரம் என்றால் பொறுக்க ஆள் வேண்டாம். கிடங்கு காலியாகும், அங்கே கூடு அழுத்தும் அச்சு யந்திரம் இன்னொன்று போடலாம், டொக்டரைப் பேக்கிங்குக்கு மாற்றலாம். சம்பளம் குறையாது, வெயில் இல்லை, மின்விசிறி உண்டு. இதையெல்லாம் சகலை உண்மையான அக்கறையோடு சொன்னார் என்பதுதான் டொக்டரை அதிகம் வாட்டியது.

முதலாளியம்மா இரண்டு பேர் சொன்னதையும் கேட்டார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. கடைசியில் ஒரு பரீட்சை வைத்தார். ஒரே அளவு, ஒரே தோல், ஒரே சுருதி, ஒரே மாதிரி சீவிய விளிம்பு. ஐந்து மரத்தில் ஐந்து டிரம். திரைக்குப் பின்னால் வைத்து அடிப்பது. எது எந்த மரம் என்று டொக்டர் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் கிடங்கு இருக்கும். சொல்ல முடியாவிட்டால் பாப்லர். அடிப்பது யார் என்ற கேள்வி வந்தபோது, டொக்டரின் ஆட்கள் யாரும் அடிக்கக் கூடாது, குறிப்புக் காட்டிவிடுவார்கள் என்று சகலை ஆட்சேபித்தார். அதனால் சகலையே அடிப்பதாக முடிவாயிற்று. எதிர்க்கட்சியே தேர்தல் நடத்துவதில் இதைவிட நியாயம் வேறு என்ன இருக்கிறது?

புதன்கிழமை பதினொரு மணிக்கு, முடிந்த டிரம்களை அடித்துப் பார்க்கும் அறையில் கூடினார்கள். சுவர் முழுக்கப் பஞ்சுப் பலகை ஒட்டிய சின்ன அறை. கயிறு கட்டி ஒரு படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டிருந்தார்கள். இந்தப் பக்கம் ஒரு நாற்காலியில் டொக்டர், அவருக்குப் பின்னால் முதலாளியம்மா, வாசலில் அச்சு யந்திரத்துக்காரர்கள்.

முதல் அடி விழுந்தது. “மகாகனி” என்றார் டொக்டர். இரண்டாவது விழுந்தது. “பாப்லர்.” அப்புறம் ஓக், பிர்ச், மேப்பிள் என்று ஒப்பித்துக்கொண்டே போனார். மொத்தம் ஒரு நிமிஷம் ஆகியிருந்தால் அதிகம். ஐந்துக்கு ஐந்து. வாசலில் நின்றவர்கள் கை தட்டினார்கள். திரையை விலக்கிக்கொண்டு வந்த சகலை, ஆறிப்போன காப்பியைக் குடித்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, ஆனாலும் கையை நீட்டினார்.

டொக்டர் கிடங்குக்குத் திரும்பினார். மகாகனி அடுக்குக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தார். வெற்றி பெற்றவர்கள் எப்படி உட்காருவார்கள் என்று அவருக்குத் தெரியாது, ஆனால் இப்படி இருக்காது என்று தோன்றியது. எங்கேயோ இடித்தது.

ஒரு பலகையைக் கேட்டு முடிக்க அவருக்கு ஒரு நிமிஷம் பிடிக்கும். சில பலகைக்கு மூன்று. இன்றைக்கு ஐந்துக்கும் சேர்த்தே ஒரு நிமிஷம். மகாகனி என்று வாய் சொன்னபோது டிரம்மின் சத்தம் இன்னும் முடியக்கூட இல்லை. சத்தம் முடிவதற்கு முன்னால் அவர் கேட்டது எதை?

திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தார். முதல் அடி விழுவதற்கு முன்னால் திரைக்குப் பின்னால் ஒரு சின்னத் தயக்கம் இருந்தது. அப்புறம் தூங்குகிற குழந்தையின் கன்னத்தைத் தொடுவது மாதிரி ஓர் அடி. இரண்டாவதுக்குத் தயக்கம் கிடையாது. கரப்பான்பூச்சியைப் பார்த்த மாதிரி பட்டென்று விழுந்தது. டொக்டர் கேட்டது மரத்தை இல்லை. சகலையின் கையை. மரத்தில் ஒன்றுமே இல்லை என்று அடித்துச் சொன்ன மனிதரின் கை, விலை உயர்ந்த மரத்தின் முன்னால் தானாகக் குனிந்து நின்றிருக்கிறது.

சிரிப்பு வர வேண்டிய இடம்தான். அவருக்கும் பாதி வந்தது. மீதி வரவில்லை, ஏனென்றால் அதற்குள் பார்வை அவருடைய சொந்தக் கையின் மேல் விழுந்துவிட்டது.

எழுந்து போய் ஓக் துண்டு ஒன்றைத் தட்டினார். அப்புறம் மகாகனித் துண்டு ஒன்றை. விரலை உற்றுக் கவனித்தார். ஓக்கின் மேல் முட்டி நேராக விழுந்தது. மகாகனியின் மேல் கொஞ்சம் சாய்ந்து விழுந்தது. வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்றே நேராகத் தட்டப் பார்த்தபோது இன்னும் அதிகமாகச் சாய்ந்தது.

மத்தியானம் மனைவியிடம் போனார். அந்த அம்மாள் அதே பட்டறையில் டிரம்களுக்கு உறை தைப்பவர். டிரம் என்றால் அவருக்கு அகலம், உயரம், ஜிப். அதற்குள் இருப்பது மரமா மாவா என்று இத்தனை வருஷத்தில் விசாரித்ததில்லை. தையல் மேசையின் ஓரத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு டொக்டர் நடந்ததைச் சொன்னார்.

“இப்ப என்ன, ஜெயிச்சதுக்கு அழணுமா?” என்றார் மனைவி, தையலை நிறுத்தாமல்.

“ஜெயிச்சது நான் இல்ல. உன் தங்கச்சி புருஷனோட கை.”

“அவர் கையால நமக்கு நடந்த ஒரே நல்லது இதுதான். வெச்சுக்குங்க.”

டொக்டர் டப்பாவின் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி காலை மிதியிலிருந்து எடுத்தார். யந்திரம் நின்றது.

“போய்ச் சொன்னா என்ன ஆகும்?”

“மறுபடியும் வைப்பாங்க. தோத்தா கிடங்கக் காலி பண்ணுவாங்க.”

“சொல்லாட்டி?”

“இருபத்திரண்டு வருஷமா நான் மரத்தக் கேட்டேனா, என் கையக் கேட்டேனான்னு எனக்குத் தெரியாமலே போயிடும்.”

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “அப்போ போய்ச் சொல்லிட்டு வாங்க. சாப்பிட்டு முடிச்சிட்டுப் போங்க, வெறும் வயித்துல நீங்க யார்கிட்டயும் பேசினதே இல்ல.”

முதலாளியம்மாவின் அறையில் டொக்டர் விஷயத்தைச் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அதில் பாதி, நேரத்தை வீணாக்கியதற்கு மன்னிப்பு. முதலாளியம்மா சகலையைக் கூப்பிட்டு அனுப்பினார். தோற்றவர்கள் ஜெயித்ததாகச் சொல்லி வருவார்கள் என்று அவருக்குத் தெரியும். ஜெயித்தவர் தோற்றதாகச் சொல்லி வந்ததை அவர் இப்போதுதான் பார்க்கிறார்.

சகலைக்குத் தான் இன்னும் தோற்கவில்லை என்ற சந்தோஷத்தைவிட, தன் கையைப் பற்றிச் சொல்லப்பட்டதுதான் பெரிதாகத் தைத்தது.

“நான் மெதுவா அடிச்சேனா? மரத்துக்குப் பயந்தா?”

“பயம்னு சொல்லல சகல. மகாகனி வந்ததும் உங்க கை கொஞ்சம் யோசிச்சுது.”

“பின்ன யோசிக்காம? அதுல ஒரு கீறல் விழுந்தா யார் பதில் சொல்றது? அது எப்பேர்ப்பட்ட மரம் தெரியுமா உங்களுக்கு?”

சொன்ன பிறகுதான், சொன்னது யாரிடம் என்பது அவருக்கு உறைத்தது. முதலாளியம்மா மேசைமேல் இருந்த பென்சிலை எடுத்து வேறு இடத்தில் வைத்தார்.

மறுநாள் காலை மறுபடியும் பரீட்சை. இந்த முறை ஐந்து கூடுகளுக்கும் கறுப்புத் துணி சுற்றப்பட்டது. வரிசையை மாற்றி, அதை ஒரு தாளில் எழுதி மடித்து முதலாளியம்மாவிடம் கொடுத்துவிட்டு, சகலை அறைக்கு வெளியே போய் நிற்க வேண்டும். அடிப்பதற்கு, பட்டறையிலேயே மரத்தைப் பற்றி எதுவும் தெரியாத ஆள் யார் என்று முதலாளியம்மா கேட்டார். அந்தப் பட்டறையின் வரலாற்றில் எல்லோரும் ஒரே குரலில் பதில் சொன்ன கேள்வி அது ஒன்றுதான். உறை தைக்கும் அம்மாளை அழைத்து வந்தார்கள்.

எத்தனை அடி என்று மட்டும் அவர் கேட்டுக்கொண்டார். ஒவ்வொன்றுக்கும் மூன்று என்றார்கள். கட்டில், கதவு, கடையில் வாங்கப் போன நாற்காலி, ஆஸ்பத்திரி பெஞ்சு என்று எதையும் விட்டுவைக்காமல் தட்டிக்கொண்டே இருந்த புருஷன் மேல் கல்யாணமான நாளிலிருந்து சேர்ந்த எரிச்சலை, பதினைந்து அடியாகச் சமமாகப் பங்கு போட்டு அவர் இறக்கினார். எந்த டிரம்முக்கும் ஒரு குன்றிமணி கூடவோ குறையவோ இல்லை. பாரபட்சமே இல்லாத கை.

டொக்டர் கண்ணை மூடிக்கொண்டார். இந்தத் தடவை பதில் தானாக வரவில்லை. கையைத் தேடினால் கை எங்கும் அகப்படவில்லை, சத்தம் மட்டும்தான் இருந்தது. இரண்டாவது டிரம்மில் ஒரு முரட்டுத்தனம் இருந்தது. அதை ஓக் என்றார். நான்காவது சுருக்கென்று நின்றது. இன்னொரு தடவை அடிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு பிர்ச் என்றார். ஒன்றாவதற்கு மூன்று தடவை கேட்டார். திரைக்குப் பின்னாலிருந்து, “வீட்ல ஒரு தடவை கூப்பிட்டா காது கேக்காது” என்று ஒரு குரல் வந்தது. முதலாளியம்மா தொண்டையைச் செருமினார். மேப்பிள் என்றார் டொக்டர்.

மிச்சம் இரண்டு. மூன்றாவதும் ஐந்தாவதும். இரண்டுமே மெத்தென்று, ஆழமாக, பேச்சு முடிந்த பிறகும் அறையில் இருக்கும் குரல்கள். மாற்றி மாற்றி அடிக்கச் சொன்னார். அரை மணி நேரம் ஓடியது. வாசலில் நின்றவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். அவருக்கு வியர்க்கவில்லை, பதற்றமும் இல்லை. எண்ணிக்கொண்டிருக்கும்போது யாரோ கூப்பிட்டு எண்ணிக்கை விட்டுப்போனவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். கடைசியில் மூன்றாவது மகாகனி, ஐந்தாவது பாப்லர் என்றார்.

முதலாளியம்மா தாளைப் பிரித்தார். முதல் மூன்று பதிலும் சரி. மற்ற இரண்டும் நேர்மாறு.

உள்ளே கூப்பிடப்பட்ட சகலை தாளை வாங்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. தன் மனைவியின் அக்கா இன்னும் கையில் குச்சியோடு நிற்பதைப் பார்த்துக் கொஞ்சம் சுருங்கியது. டொக்டர் எழுந்து போய், துணியை அவிழ்த்து, ஐந்தாவது டிரம்மின் மேல் உள்ளங்கையை வைத்தார். தாய்மாமன். அரை மணி நேரம் பேசியும் தன்னை அடையாளம் தெரியாத மருமகனை அது ஒன்றும் சொல்லவில்லை. ஓக்கும் பிர்ச்சும் மேப்பிளும் நிஜமாகவே காதில் விழுந்தன, அது அவருடைய காதுதான் என்பது வரைக்கும் நிச்சயம். மகாகனியில் இத்தனை வருஷம் கேட்டதில் பெரும் பங்கு அந்தத் தனி அடுக்கும், வெயில் படாத நிழலும், சாய்ந்து விழுந்த விரலும்.

“அப்போ முடிஞ்சுது” என்றார் சகலை. “மத்த மூணும் இருக்கட்டும், நான் ஒத்துக்கறேன். மகாகனிக்குப் பதிலா பாப்லர் போட்டு, மேல மகாகனி ஏடு ஒட்டி, மகாகனின்னே எழுதிடலாம். நம்ம டொக்டருக்கே தெரியல, வாங்கறவனுக்கா தெரியப் போகுது?”

“அப்படி எழுதக் கூடாது” என்று ஒரு குரல் கேட்டது. யார் சொன்னது என்று சகலை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

“எனக்குத் தெரியலங்கறது என்னோட குறை, சகல” என்றார் டொக்டர். குரல் உயரவில்லை, ஆனால் மன்னிப்பும் கேட்கவில்லை. “அத வெச்சு வாங்கறவனுக்குப் பொய் எழுதக் கூடாது. பாப்லர்னே எழுதணும். இன்னிக்கு மகாகனி பக்கத்துல உக்காந்து அது அரை மணி நேரம் தாக்குப்பிடிச்சிருக்கு. அதுக்கு ஏன் இன்னொருத்தர் பேரு?”

“பாப்லர்னு எழுதினா வாங்க மாட்டாங்க.”

“அடிச்சுக் காட்டினா வாங்குவாங்க.”

“யார் அடிச்சுக் காட்டறது? நானா?”

“நீங்க வேண்டாம்” என்றார் முதலாளியம்மா. அந்தக் கூட்டத்தில் அவர் சிரித்தது அப்போதுதான். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே முடிவைச் சொன்னார். ஓக், பிர்ச், மேப்பிள் மூன்றும் கிடங்கில் இருக்கும். மகாகனி இனிமேல் வாங்குவதில்லை. இருப்பதை மேசை நாற்காலி செய்கிறவர்களுக்குக் கொடுத்துவிடலாம். பாப்லர் வாங்கலாம், பாப்லர் என்றே எழுதலாம், ஆனால் கண்ட பலகையையும் இறக்க முடியாது. அதைப் பொறுக்குவது டொக்டரின் வேலை.

மகாகனி போன நாள் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. டொக்டர் எந்தப் பலகையையும் தட்டாமல் ஏற்றிவிட்டார்.

அடுத்த திங்கட்கிழமை பாப்லர் லாரி வந்தது. வெளிறிப்போய், இலேசாக, பார்வைக்கு ஒரு லட்சணமும் இல்லாத பலகைகள். டொக்டர் கையில் ஒரு சின்ன மர உருண்டை வைத்திருந்தார். நூலில் கட்டித் தொங்கவிட்டது. உறை தைக்கும் இடத்திலிருந்து வாங்கி வந்த நூல். உருண்டையை ஒரே அளவு பின்னால் இழுத்து விட்டால் ஒரே மாதிரி போய் இடிக்கும், எந்த மரத்துக்கும் சலுகை கிடையாது. அவருக்கு அது இன்னும் சரியாகப் பழகவில்லை. முதல் பலகையில் நூல் முறுக்கிக்கொண்டது. இரண்டாவதில் உருண்டை குறி தவறி லாரிக்காரரின் கையில் பட்டது.

மூன்றாவது பலகையைக் கேட்டுவிட்டு அவர் நெடுநேரம் நின்றார். லாரிக்காரர் பொறுத்துப் பார்த்தார்.

“அண்ணே, எறக்கவா, இல்ல திருப்பி எடுத்துட்டுப் போகவா?”

டொக்டர் உருண்டையை மறுபடியும் இழுத்து விட்டார். கேட்டார். சகலை உள்ளேயிருந்து வந்து, கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

“என்ன சகல, நல்லாயிருக்கா?”

“தெரியல” என்றார் டொக்டர். அந்த வார்த்தையை அவர் ஒரு பலகையைக் கேட்டுவிட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு அடுத்த பலகையைத் தூக்கச் சொன்னார். லாரிக்காரர் ஒரு முனையைப் பிடித்தார். இன்னொரு முனையை, யாரும் சொல்லாமலே, சகலை வந்து பிடித்துக்கொண்டார்.